ரோஸ் கோடு

மகள்: ...அதெல்லாம் பேசி முடிச்சாச்சும்மா. அஞ்சு மணிக்கு அடுத்த தெரு நர்ஸம்மா வருவாங்க, சைக்கிளை ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான்.

அம்மா: என்னது? மிஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல.

மகள்: மிஷினை நிறுத்து. விழும்.

அம்மா: நடுவுல நிறுத்தினா தையல் கோணிக்கும்டி. மாப்பிள்ளை பஸ்ல முதுகுக்கு வெச்சுக்கற மெத்தைக்கு மாத்து உறை தைக்கறேன். இது கோணினா அவர் முதுகு கோணிக்கும், முதுகு கோணினா பஸ்ஸு கோணிக்கும்...

மகள்: பஸ்ஸு கோணினா ஊரே கோணிக்கும். தெரியும். நிறுத்து.

அம்மா: நிறுத்திட்டேன். சொல்லு.

மகள்: உன் சைக்கிளை நர்ஸம்மாவுக்குக் குடுக்கறோம்.

அம்மா: மறுபடி ஓட்டிக்கட்டுமா மிஷினை?

மகள்: அம்மா!

மாப்பிள்ளை: நான் வேணா மாடியில துணி காய்ஞ்சிருச்சான்னு...

மகள்: துணி தானா காயும். நீங்க உக்காருங்க. லீவு நாள்ல கொஞ்ச நேரம் வீட்டு விஷயம் பேசினா உங்க பஸ்ஸு கோவிச்சுக்காது.

மாப்பிள்ளை: உக்காந்துட்டேன்.

மகள்: சொல்லுங்க. மெயின் ரோட்டுல எங்கம்மா சைக்கிள் ஓட்டலாமா, கூடாதா?

மாப்பிள்ளை: ரோடுன்னு எடுத்துக்கிட்டா... எல்லாருக்கும் பொதுவானதுதான்...

மகள்: போச்சுடா. மேடை ஏறிட்டார்.

அம்மா: ஏண்டி அவரைப் போட்டு வாட்டறே. வீடு வீடாப் போய் அளவெடுக்கணும், தைச்சதைக் கொண்டு போய்க் குடுக்கணும். சைக்கிள் இல்லாம பறந்தா போக முடியும்?

மகள்: பஸ்ல போ. வீட்டுலயே ஒரு டிரைவர் இருக்கார்.

அம்மா: இஸ்திரி போட்ட கோட்டைக் கையில வெச்சுக்கிட்டு உன் புருஷன் பஸ்ல ஏறினா, இறங்கறப்போ அது கோட்டா இருக்காது. கரித்துணியா இருக்கும்.

மாப்பிள்ளை: காலையில கூட்டம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

மகள்: நீங்க எந்தப் பக்கம்?

மாப்பிள்ளை: நான் கூட்டத்தைப் பத்திச் சொன்னேன்.

அம்மா: அது மட்டும் இல்லடி. இந்த வீட்டுல நான் சும்மா உக்காந்திருந்து நீ பார்த்திருக்கியா? பட்டன் பிஞ்சுபோச்சும்மா, ஜிப்பு மாட்டிக்கிச்சு அத்தை, ஒரே ஒரு தையல் போடுங்க மாமி... சைக்கிள்ல ஏறிட்டா ஒருத்தராலயும் கூப்பிட முடியாது. போற நேரமும் வர்ற நேரமும் எனக்கே எனக்கு. அதை எடுத்து நர்ஸம்மா கையில குடுத்துடுவியா?

மகள்: நீ உசுரோட இருந்தாத்தானேம்மா உனக்கே உனக்கு?

அம்மா: இப்ப என்ன ஆயிடுச்சு எனக்கு?

மகள்: என்ன ஆயிடுச்சா? அந்த ஸ்கூல் ஹெச்.எம். அம்மாவோட கோட்டு என்ன ஆச்சு? ஒரு கை மணிக்கட்டு வரைக்கும், இன்னொரு கை முழங்கை வரைக்கும்.

அம்மா: புது மாடல்னு சொன்னேன். நம்பல.

மகள்: சிரிக்காதே. அவங்க மருந்துக் கடைக்கு வந்து, நான் பில்லு போட்டுக்கிட்டு இருக்கறப்போ சொல்றாங்க. "உங்கம்மா அன்னிக்கு வந்தாங்க, டம்ளர் டம்ளரா தண்ணி குடிச்சாங்க. டேப்பைப் பிடிக்க முடியாம கை ஆடிக்கிட்டே இருந்துச்சு. என்னன்னு கேட்டா வெயிலுங்கறாங்க"ன்னு. உனக்குக் கை ஆடுமா? ஊசியில நூல் கோக்க விளக்கு கூடப் போடமாட்டே நீ!

அம்மா: ஒரு லாரி கொஞ்சம் ஒட்டிப் போயிடுச்சு. அதுக்குப் போய்...

மகள்: கொஞ்சமா? அன்னிக்கு முழங்கையெல்லாம் சிராய்ச்சுக்கிட்டு வந்தியே, அது கொஞ்சமா? எந்த லாரி? என்ன கலர்? நம்பர் பார்த்தியா? நான் புகார் குடுக்கறேன்.

அம்மா: லாரின்னா... லாரி கலர்ல இருந்துச்சு.

மாப்பிள்ளை: ஊர்ல ஆயிரம் லாரி ஓடுது. எங்க போய்த் தேடறது, விடும்மா.

மகள்: உங்களுக்கென்ன இவ்வளவு அவசரம் விடச் சொல்லி? அன்னிக்குச் சாயங்காலம் மருந்து போட்டுவிட்டுக்கிட்டே அந்த லாரிக்காரனை அந்தக் கிழி கிழிச்சீங்க!

மாப்பிள்ளை: அது... அன்னிக்குக் கோவம்.

அம்மா: அதான் நான் வழி பண்ணிட்டேனேடி. குச்சி வெச்சாச்சு. இப்ப ஒருத்தரும் கிட்ட வர்றதில்ல.

மகள்: ஆமா, அந்தக் குச்சி! அதை வெச்சதுலருந்து அது சைக்கிளா துணி காயப்போடற கொடியான்னே தெரியல. நேத்து வாசல்ல என் பையை மாட்டி இழுத்துடுச்சு.

அம்மா: நீ கிட்ட வந்தே. அதான் இழுத்துச்சு. அது அதோட வேலையைச் செய்யுது.

மகள்: என்னதான் கட்டி வெச்சிருக்கே அதுல?

அம்மா: ஒண்ணுமில்ல. பின்னாடி கேரியர்ல ஒரு விளக்குமாத்துக் கட்டையைக் குறுக்க வெச்சுக் கட்டினேன். ரோட்டுப் பக்கம் என் கை நீளத்துக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். தோள்லருந்து நடுவிரல் நுனி வரைக்கும், டேப்பு வெச்சு அளந்தது, ஒரு நூல் ஜாஸ்தி கிடையாது. நுனியில கோட்டுக்குத் தோள்ல வைப்போம் பாரு பஞ்சுப் பேடு, அது. பேடு நிறைய சாக்பீஸ் பொடி.

மகள்: துணியில கோடு போடற சாக்பீஸா?

அம்மா: அதேதான். ரோஸ் கலரு. வெள்ளை கிடைக்கலைன்னு மாப்பிள்ளை போன மாசம் ஒரு டப்பா ரோஸ் வாங்கிட்டு வந்தாரே, அது சும்மாத்தானே கிடந்துச்சு. எந்த வண்டி ஒட்டி வருதோ அது மேல நெடுக ஒரு ரோஸ் கோடு. நான் கத்தவும் வேணாம், திட்டவும் வேணாம்.

மகள்: யார் யாருக்குக் கோடு போட்டிருக்கே இதுவரைக்கும்?

அம்மா: ஒரு தண்ணி லாரி. பால் வண்டி. ஸ்கூல் பஸ்ஸு ஒண்ணு. அப்புறம் பூவெல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரு கல்யாணக் காரு... அந்தப் பொண்ணு ஜன்னல்லருந்து எட்டிப் பார்த்து, கலர் மேட்ச்சா இருக்கு ஆன்ட்டின்னா.

மகள்: ஐயோ ஐயோ.

அம்மா: டிராஃபிக் போலீஸ்காரர் கூட நிறுத்தினார்.

மகள்: பிடிச்சாரா? இதெல்லாம் என்கிட்ட சொல்லவே இல்ல!

அம்மா: என்னம்மா இது குச்சின்னார். நான் கழுத்துலருந்து டேப்பை எடுத்து, முதல்ல என் கையை அளந்து காட்டினேன், அப்புறம் குச்சியை அளந்து காட்டினேன். சார், கையை நீட்டிக்கிட்டே ஓட்டினா வலிக்குது, அதுக்குப் பதிலா இது நீட்டிக்கிட்டு இருக்குன்னேன். அப்புறம் அவர் யூனிபாரம் அக்குள்ல பிடிக்குதுன்னார். பிரிச்சுத் தைச்சுக் குடுத்தேன்.

மாப்பிள்ளை: ஓஹோ, அதனாலதான் போலீஸ் பக்கத்துலருந்து ஒண்ணும் வரல.

மகள்: எது வரல?

மாப்பிள்ளை: இல்ல... டிப்போல பேசிக்கிட்டாங்க.

மகள்: டிப்போல எங்கம்மா குச்சியைப் பத்தியா?

மாப்பிள்ளை: யாருதுன்னு தெரியாது அவங்களுக்கு. சாயங்காலம் பஸ்ஸெல்லாம் உள்ள வரும்போது ஒண்ணு ரெண்டுல ரோஸ் கோடு. கழுவற அக்கா, இது எந்த நாதாரி கிறுக்கறான்னு ஒரே கத்தல். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். கோடு எவ்வளவு உயரத்துல இருக்கு, எவ்வளவு நீளம் ஓடியிருக்குன்னு பார்த்துட்டு, இது கிறுக்கினது இல்ல, நீங்க போய் உரசினதுன்னார்.

அம்மா: படிச்ச மனுஷன்.

மாப்பிள்ளை: உடனே ஒரு வழக்கம் ஆரம்பிச்சுட்டார். பழைய சைக்கிள் ஒண்ணைச் சுவரோரமா ஸ்டாண்டு போட்டு இறுக்கிக் கட்டியாச்சு. கோடு வாங்கிட்டு வர்ற டிரைவர் அதுல ஏறி உக்காரணும். பின்னாடிலருந்து ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து பக்கத்துல விடுவாங்க. இந்த... இந்த இடைவெளியில.

மகள்: ஒரு சாண் கூட இல்லையேங்க!

மாப்பிள்ளை: திரும்பிப் பார்க்கக் கூடாது. மிதிச்சுக்கிட்டே இருக்கணும். அதான் ரூல்.

மகள்: யாராவது உக்காந்தாங்களா?

மாப்பிள்ளை: உக்காந்தாங்க... ஒருத்தர். எங்கூட வேலை பார்க்கறவர். உனக்குத் தெரியாது.

மகள்: எனக்குத் தெரியாத ஃப்ரெண்டா உங்களுக்கு?

மாப்பிள்ளை: புதுசு.

அம்மா: பாவம். எப்படி இருந்துச்சாம் அவருக்கு?

மாப்பிள்ளை: முதல்ல சிரிச்சுக்கிட்டுதான் ஏறினார். சுத்தி நின்னு எல்லாரும் விசில் அடிச்சாங்க. பின்னாடி இன்ஜின் சத்தம் கேட்டப்போ கூட சிரிப்புதான். தெனம் கேக்கற சத்தம்தானே... அப்புறம் அது காதுக்குள்ளயே வந்துடுச்சு. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. காத்து முதல்ல தள்ளுது, அப்புறம் உள்ள இழுக்குது. சக்கரம் இடுப்பு உயரத்துக்கு வருது. போயிடும், போயிடும்னு பார்த்தா போகவே மாட்டேங்குது. இத்தனை வருஷமா ஓட்டறாரு, ஒரு பஸ்ஸு எவ்வளவு நீளம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுதாம்.

மகள்: ம்...

மாப்பிள்ளை: காலு மிதிக்க வரல. விசில் சத்தமெல்லாம் எங்கயோ போயிடுச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. மூடினா... மாமியார் முகம்தான் வந்துச்சாம்.

மகள்: யார் முகம்?

மாப்பிள்ளை: ...டீ ஆறிடுச்சு. சூடு பண்ணிட்டு வர்றேன்.

மகள்: உக்காருங்க. உசுரு போற மாதிரி இருக்கற நேரத்துல எந்த ஆம்பளைக்குங்க மாமியார் முகம் வரும்? பொண்டாட்டி வரலாம். பெத்தவங்க வரலாம். சாமி வரலாம். மாமியாரா?

அம்மா: நல்ல மாமியாரா இருப்பாங்கடி.

மகள்: நீ சும்மா இரும்மா. அந்த ஃப்ரெண்டோட மாமியார் சைக்கிள் ஓட்டுவாங்களா?

மாப்பிள்ளை: அது... கேட்டுக்கல.

மகள்: துணி தைப்பாங்களா?

மாப்பிள்ளை: நிஜமாவே ஆறிடுச்சு பாரு, ஏடு கட்டிடுச்சு.

மகள்: ஒரு நிமிஷம்... இருங்க. அந்தக் கர்ச்சீப்பு.

மாப்பிள்ளை: எந்தக் கர்ச்சீப்பு?

மகள்: துவைக்கப் போட்டீங்களே, முழுக்க ரோஸ் பவுடரு. அதைத் துவைக்காம பீரோவுல ஒளிச்சு வெச்சிருக்கேன். கடைக்கு எவ ரோஸ் பவுடர் பூசிக்கிட்டு வந்தாலும், இவளா இருக்குமோ, அவளா இருக்குமோன்னு நான் பார்த்த பார்வையில பாதி கஸ்டமர் ஓடிட்டாங்க!

மாப்பிள்ளை: அய்யய்யோ! அது அத்தையோட சாக்பீஸு!

மகள்: ஆங்?

மாப்பிள்ளை: பஸ்ஸுல விழுந்த கோட்டை அந்தக் கழுவற அக்கா பார்க்கறதுக்குள்ள துடைச்சிடலாம்னு... பாதி துடைக்கறதுக்குள்ள பார்த்துட்டாங்க.

மகள்: அப்போ சைக்கிள்ல உக்காந்த ஃப்ரெண்டு?

மாப்பிள்ளை: புது ஃப்ரெண்டு இல்ல. பழைய ஆளுதான்.

அம்மா: சரி விடுடி. அன்னிக்கு எத்தனையோ வண்டிக்குக் கோடு விழுந்துச்சு, அதுல இவரோடதும் ஒண்ணு. அதான் சைக்கிள்ல வேற உக்கார வெச்சுட்டாங்களே. போதாதா?

மகள்: எங்கம்மாவை உரசிக்கிட்டுப் போயிருக்கார்! நீ விடுங்கறே!

அம்மா: உரசினது குச்சிடி. நான் இல்ல. நிஜமா உரசினது அந்த லாரிதான்.

மகள்: நிஜமா லாரிதானே?

அம்மா: லாரிதான்.

மகள்: ஒரே ஒரு அடையாளம் சொல்லு. நம்பறேன்.

அம்மா: அடையாளம் என்ன... அந்தப் பாலத்துச் சுவரு கிட்ட ரோடு குறுகுமே, அங்க ஒதுங்கக் கூட இடம் கிடையாது. சரேல்னு பக்கத்துல வந்துச்சு. நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன், முழங்கை தேய்ஞ்சது அதுலதான். அப்படியே திரும்பிப் பார்த்தா, கதவுக் கண்ணாடி வழியா டிரைவர் முதுகு தெரியுது. முதுகுக்குப் பின்னாடி மஞ்சப்பூ. ஓரத்துல ஒரு பூ மட்டும் பாதியோட வெட்டுப்பட்டு...

மகள்: சொல்லு.

அம்மா: ...அவ்வளவுதான்.

மகள்: அம்மா. இப்ப உன் மிஷின்ல இருக்கற துணியில என்ன பூ?

அம்மா: இதுவா? இது... பூவெல்லாம் ஒரே மாதிரித்தானேடி இருக்கும்.

மகள்: என் பாவாடைத் துணி அது. மிச்சம் இருந்ததுல நீதானே மெத்தை தைச்சுக் குடுத்தே. அளவுக்கு வரணும்னு ஓரத்துப் பூவைப் பாதியா வெட்டினே. நான்கூட அன்னிக்குச் சண்டை போட்டேன்.

மாப்பிள்ளை: அத்தை...

அம்மா: ஒண்ணுமில்ல மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: அந்த லாரி... நானா?

அம்மா: லாரின்னு நான் சொன்னதை நீங்களாவது நம்பியிருக்கலாம்.

மாப்பிள்ளை: அது நானா அத்தை? கோடு விழுந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடியே... அந்தக் கை, அந்தக் காயம்... நானா?

அம்மா: உக்காருங்க மாப்பிள்ளை. எந்திரிக்காதீங்க.

மாப்பிள்ளை: அன்னிக்கு சிக்னல்ல மாட்டி லேட்டு. முன்னாடி ஒரு சைக்கிளு. போயிடலாம், இடம் இருக்குன்னு நெனச்சேன். சைக்கிளைத்தான் பார்த்தேன். அது மேல இருக்கற ஆளைப் பார்க்கல. ஒரு தரம்கூட திரும்பிப் பார்க்கல அத்தை.

மகள்: ஏம்மா... ஏம்மா சொல்லல?

அம்மா: என்னன்னு சொல்றது? அன்னிக்குச் சாயங்காலம் இவரு வந்தாரு. கை எப்படி அத்தை அடிபட்டுச்சுன்னாரு. கீழ உக்காந்து, பஞ்சை நனைச்சு, ஊதி ஊதி மருந்து போட்டாரு. மருந்து போடற கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்கதான் மாப்பிள்ளைன்னு எப்படிடி சொல்வேன்?

மாப்பிள்ளை: மருந்து போட்டுக்கிட்டே அந்த லாரிக்காரனை நான் என்னென்ன திட்டினேன்...

அம்மா: நல்லாத்தான் திட்டினீங்க. அறிவு கெட்டவன்னீங்க, கண்ணு பொட்டையான்னீங்க, லைசென்ஸை எவன் குடுத்தான்னீங்க. ஒவ்வொண்ணுக்கும் நான் "ஆமா மாப்பிள்ளை"ன்னு சொன்னேன்.

மகள்: சிரிப்பு காட்டாதேம்மா. நான் அழுதுக்கிட்டு இருக்கேன்.

அம்மா: நானும்தான் அன்னிக்கு அழுதேன். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னேன். பயந்துட்டேன்டி, நல்லாவே பயந்துட்டேன். அன்னிக்கு ஃபுல்லா நூலு ஊசிக்குள்ள போகல. இவர்கிட்ட வாய் விட்டுச் சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. அதான் குச்சி வெச்சேன். அந்த ரோஸ் கலரை வாங்கினவரே இவர்தான். பஸ்ஸுல கோட்டைப் பார்த்தா, யாரு போட்டது, எதுக்குப் போட்டதுன்னு அவருக்கே தெரியும்னு நெனச்சேன்.

மாப்பிள்ளை: தெரிஞ்சுது அத்தை. பார்த்த உடனே தெரிஞ்சுது.

மகள்: தெரிஞ்சும் வந்து பேசாம இருந்தீங்களா? ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்து, குழம்பு ஊத்துங்க அத்தை, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாப்பிள்ளைன்னு...

மாப்பிள்ளை: என்ன பேசறதுன்னு தெரியல. அதனால... வேற ஒண்ணு செஞ்சேன்.

மகள்: என்ன செஞ்சீங்க?

மாப்பிள்ளை: அந்த மெமோ வந்துச்சில்ல...

மகள்: லேட்டா ஓட்டறீங்கன்னு வந்துச்சே. ரோடு வேலை நடக்குதுன்னீங்க. இன்னொண்ணு வந்தா இந்த ரூட்டுலருந்தே தூக்கிடுவாங்கன்னு நான் தூங்காம கிடக்கேன்.

மாப்பிள்ளை: ரோடு வேலையெல்லாம் ஒண்ணும் நடக்கல. காலையில அத்தை மெயின் ரோட்டுல திரும்பினதும் அவங்க பின்னாடி போயிடுவேன். தாண்டறதில்ல. பாலம் முடியற வரைக்கும் பின்னாடியே. நான் பின்னாடி இருந்தா வேற எந்த வண்டியும் அவங்க கிட்ட வர முடியாதுல்ல?

மகள்: பஸ்ஸை எடுத்துக்கிட்டா?

மாப்பிள்ளை: வேற எதை எடுத்துக்கிட்டு போறது?

மகள்: உள்ள இருக்கற ஜனம்?

மாப்பிள்ளை: ஜனமும் வரும்.

மகள்: யாரும் ஒண்ணும் கேக்கலையா உங்களை?

மாப்பிள்ளை: கேக்காம இருப்பாங்களா. ஒருத்தர், ஏம்பா முன்னாடி சாமி ஊர்வலமா போகுதுன்னார். ஒரு பெரியவர், நான் நடந்து முன்னாடி போய் அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கறேன்னு இறங்கிட்டார். ஏறவும் செஞ்சார். எனக்கு முன்னாடியே போய் நின்னுக்கிட்டு இருந்தார்.

அம்மா: அட... அது நீங்களா மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: நான்தான் அத்தை.

அம்மா: நான் என்னமோ யாரோ புண்ணியவான்னு நெனச்சேன்! ஹாண்டில்ல சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கேன்ல, அதுல பார்த்தா பெருசா ஒரு பஸ்ஸு மட்டும் தெரியும். ஹாரன் அடிக்காது, முட்டாது, அது பாட்டுக்கு வரும். எந்தத் தாய் பெத்த புள்ளையோன்னு தெனம் வாழ்த்துவேன்.

மகள்: எந்தத் தாயா? எதிர்ல உக்காந்திருக்கு பாரு அந்தப் புள்ளை. உங்க ரெண்டு பேரையும் என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல. ஒருத்தர் வாயைத் திறந்து மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

மாப்பிள்ளை: மன்னிச்சுக்குங்க அத்தை.

அம்மா: ஐயோ, என்ன மாப்பிள்ளை நீங்க... எந்திரிங்க முதல்ல. கால்ல எல்லாம் விழுந்துக்கிட்டு.

மாப்பிள்ளை: ஸ்டாண்டு போட்ட சைக்கிள்ல, சுவரு ஓரமா, சுத்தி ஆளுங்க நிக்கறப்பவே எனக்குக் காலு வரல. நீங்க ஓடற சைக்கிள்ல, தனியா...

அம்மா: போதும். சொல்லிட்டீங்க. எனக்குத் தீர்ந்துபோச்சு.

மகள்: பெல்லு! அஞ்சு ஆயிடுச்சா? நர்ஸம்மா வந்துட்டாங்க.

அம்மா: இரு. போகாதே.

மகள்: வர்றதாச் சொன்னவங்களை வாசல்லயே நிறுத்தவா?

அம்மா: குடுத்துடாதேடி. நான் கேட்டு உன்கிட்ட எதுவும் வாங்கினதில்ல. இதை மட்டும் கேக்கறேன்.

மகள்: எனக்கு ஆசையா? நீ கதவைத் தாண்டிப் போனதுலருந்து திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு வேலை ஓடறதில்லம்மா. ஃபோன் அடிச்சாலே திக்குங்குது. எடுத்துட்டா நிம்மதின்னு நெனச்சேன்.

மாப்பிள்ளை: தப்பா ஓட்டினது நானு. அவங்க சைக்கிளை எடுத்தா எப்படி? அப்படிப் பார்த்தா என் பஸ்ஸைத்தான் நர்ஸம்மாகிட்ட குடுக்கணும்.

மகள்: ...வாயைப் பாரு. மறுபடி பெல்லு. வர்றேன்ங்க! இதோ வர்றேன்!

அம்மா: என்ன சொல்லப் போறே அவங்ககிட்ட?

மகள்: போய் நிக்கறப்போ எது வருதோ அது.

மாப்பிள்ளை: அத்தை... குடுத்துடுவாளா?

அம்மா: என் வயித்துல பிறந்தவ. பிடிவாதம் எனக்கு மேல. சத்தம் போடாதீங்க, என்ன பேசறான்னு கேக்கட்டும்.

மாப்பிள்ளை: நர்ஸம்மா சிரிக்கறாங்க.

அம்மா: குச்சியைப் பார்த்திருப்பாங்க.

மகள்: அம்மா! கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு இங்க வா!

அம்மா: எதுக்குடி?

மகள்: சைக்கிள் தர முடியாதுன்னுட்டேன். கோவிச்சுக்கல. அவங்க தங்கச்சி சைக்கிளை வாங்கிக்கறாங்களாம். ஆனா இந்த மாதிரி ஒரு குச்சி வேணுமாம். கை நீளம் அளவெடுக்கணும், வா!

அம்மா: வந்துட்டேன், வந்துட்டேன்! ரோஸ் பொடி போதுமா, நீலம் வேணுமான்னு கேளு!

மாப்பிள்ளை: அத்தை, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். அவ காதுல விழவேணாம்.

அம்மா: சொல்லுங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: நாளைக்கும் நான் பின்னாடி வருவேன். அது சரி. ஆனா இன்னொரு மெமோ வந்தா தாங்காது. நீங்க கொஞ்சம்... தப்பா நெனச்சுக்காதீங்க... உங்களுக்கு வயசாயிடுச்சு, மிதிக்கறது கஷ்டம்தான், பெரியவரே நடந்து முந்திட்டாரு... இருந்தாலும் ஒரு துளி வேகமா மிதிக்க முடியுமான்னு...

அம்மா: அந்தப் பெரியவர் நம்மளை முந்திப் போறப்போ நானும் பார்த்தேன் மாப்பிள்ளை. பாலம் முடிஞ்சு நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நான் எப்படிப் பறப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே அந்தச் சின்னக் கண்ணாடியில உங்க தோளுக்குப் பின்னாடி மஞ்சப்பூவைப் பார்த்துட்டேன். மாப்பிள்ளையை வாயால திட்ட முடியுமா... அதான் காலால மெதுவாத் திட்டினேன்.